பதினேழாம் நம்பர் அஞ்சலி

மலேசியாவில் லூனாஸுக்குப் பக்கத்திலுள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை நிறுத்தி எடை போடுவது பரஞ்சோதியின் வேலை. முப்பத்திரண்டு வருடமாக அதே தராசு, அதே ஜன்னல். அதே நாற்காலி என்று சொல்ல முடியாது, அது மூன்று முறை உடைந்துவிட்டது. தோட்டத்து ஆட்களுக்குக் குமாஸ்தா என்றால் கிராணி; அவரைத் தராசுக் கிராணி என்பார்கள். லாரி மேடையில் ஏறி நின்றதும் இயந்திரம் தேதி, மணி, லாரி நம்பர், எடை எல்லாவற்றையும் ஒரு சீட்டில் அடித்துத் தரும். கிராணி கையெழுத்துப் போடுவார். “தேதிய மட்டும் நேத்துன்னு மாத்திக் குடுங்களேன்” என்று கேட்ட டிரைவர்கள் உண்டு. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களே லாரியில் ஏறிப் போய்விடுவார்கள்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாராவது இறந்துபோனால் தமிழ் நாளிதழில் போடும் கண்ணீர் அஞ்சலிக்கு நாலு வரி எழுதித் தருவது. அதற்குச் சம்பளம் கிடையாது, அவரும் எதிர்பார்த்ததில்லை. வீட்டுக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“வேற யார்கிட்டயும் இல்லாதது அவர்கிட்ட என்ன இருந்துச்சு?”

“நல்ல மனசுங்க கிராணி.”

“அது செத்தவங்க எல்லார்கிட்டயும் இருக்கும். வேற சொல்லுங்க.”

பிறகு யாராவது ஒருவர், அப்பா பூனைக்குப் போட்ட பிறகுதான் தன் தட்டில் மீனைப் போட்டுக்கொள்வார் என்பார். இன்னொருவர், அத்தை ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குத் திரும்ப வணக்கம் சொல்லும் என்பார். பரஞ்சோதிக்கு அது போதும். எடைச் சீட்டில் மூன்று பிரதி வரும். ஒன்று லாரிக்கு, ஒன்று ஆபீசுக்கு, மூன்றாவது யாருக்கும் வேண்டாதது. அந்த மூன்றாவதின் முதுகில் எழுதுவார். கீழே தன் பேரைப் போட்டதே இல்லை. செத்தவர் பேர் இருக்கிற இடத்தில் தன் பேருக்கு என்ன வேலை என்று நினைத்தார்.

அவருடைய மனைவி ஷாமளா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு வரும். ஷாமளா ஐந்து மணிக்கே போய் நின்றுவிடுவார். பிந்திப் போனால் பஸ் தவறிவிடும் என்ற பயமல்ல, ஜன்னலோர இடம் போய்விடும் என்ற கவலை. மூன்று வருடத்துக்கு முன் மார்ச் பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரியில் அவர் இறந்தபோது நாளிதழில் இப்படி வந்தது:

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு
ஐந்து மணிக்கே நின்றவளே,
ஊதாக் குடையின் கீழே எங்களுக்கும்
ஓரிடம் பிடித்து வை.

அதைப் படித்துவிட்டு ஆலையில் இரண்டு டிரைவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். மகள் ஷீலா அந்தத் துண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினாள். ஷீலா சுங்கைப் பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வாள்: “அம்மாவோட பெட்டி பக்கத்துல உக்காந்து அழுதுகிட்டே எழுதினாரு எங்கப்பா.” பரஞ்சோதி அப்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

போன வருடம் ஜூலையில் ஒரு நாள் காலை நாளிதழைப் பிரித்தவர், ஒரு தொப்பைக்கார ரிட்டையர்டு லாரி டிரைவரின் படத்தைப் பார்த்தார். படத்துக்குக் கீழே, “ஐந்து மணிக்கே நின்றவரே” என்று இருந்தது. குடையும் இருந்தது. ஆணாக இருப்பதால் மரியாதை கூட்டி, “பிடித்து வையுங்கள்” என்று முடித்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய மனிதர் ஊதாக் குடையோடு பஸ்ஸுக்கு ஏன் நின்றார் என்று எந்த வாசகரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு தலைமையாசிரியர் நின்றார். அதற்கடுத்து ஒரு கோயில் தலைவர். தீபாவளிக்குள் கெடா மாநிலத்தில் ஏழு பேர் அதே குடையைப் பிடித்துக்கொண்டு அதே பஸ்ஸுக்காக நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. ஷாமளாவின் ஜன்னலோரத்தில் ஊர்பேர் தெரியாத யாரோ வந்து உட்கார்ந்துகொள்வதுபோல் இருந்தது. அந்த நாலு வரியும் ஷாமளாவிடமே திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார்.

விசாரித்ததில் விஷயம் சுங்கைப் பட்டாணியில் டெஸ்மண்டின் கடையில் போய் நின்றது. கல்யாண அழைப்பிதழ், ஞானஸ்நான அட்டை, திருப்பலி நினைவு அட்டை, நாளிதழ் அஞ்சலி எல்லாம் அங்கே ஒரே மேசையில் நடக்கும். டெஸ்மண்ட் ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்துப் போட்டார். உறை உறையாக அஞ்சலி வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அழுதுகொண்டு வருகிற குடும்பம் விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

“பதினேழாம் நம்பர்தான் அண்ணே ரொம்ப ஓடுது. கேத்தலிக் ஆளுங்களும் கேக்குறாங்க, இந்து ஆளுங்களும் கேக்குறாங்க. இதுல சாமி பேரே இல்ல பாருங்க.”

“அது என் பொண்டாட்டி.”

டெஸ்மண்ட் ஆல்பத்தை மூடினார். நல்ல மனிதர்தான். பேப்பரில் பார்த்தது அழகாக இருந்ததால் கத்தரித்து வைத்துக்கொண்டார். “அஞ்சலிக்கெல்லாம் ஆள் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுலா அண்ணே. ஜெபம் மாதிரி, எல்லாருக்கும் பொதுன்னு நெனச்சிட்டேன். சரி, இனிமே உங்க பேரப் போட்டுடறேன்.”

போட்டார். அந்த வாரம் பெண்டாங்கைச் சேர்ந்த புஷ்பவள்ளி என்ற அம்மாள் இறந்திருந்தார். அஞ்சலியின் அடியில், ‘துயருறும் கணவர் குழந்தைவேலு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்’ என்று வழக்கம்போல வந்தது. அதற்கு அடுத்த வரியில் ‘பரஞ்சோதி, லூனாஸ்’ என்று வந்தது. ‘எழுதியவர்’ என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை.

ஆலைக் காவலாளி அன்று அவருக்குச் சலாம் வைக்கவில்லை, தோளில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தான். ஷீலா சாயங்காலம் பேப்பரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “யாருப்பா இந்த புஷ்பவள்ளி?” என்று மட்டும் கேட்டாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பெண்டாங்கிலிருந்து போன் வந்தது.

“ஐயா, நான் குழந்தைவேலு பேசறேன். நாப்பத்தோரு வருஷம் அவளோட வாழ்ந்தவன். நீங்க யாருன்னு நான் தெரிஞ்சுக்கலாமா?”

விளக்கிச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் கேட்ட குழந்தைவேலு பெருமூச்சு விட்டார். பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். “அவ ஒரு நாளும் பஸ்சுக்கு நின்னதே இல்லைங்க. எங்க போனாலும் மோட்டார்தான். அவதான் ஓட்டுவா, நான் பின்னாடி உக்காந்துக்குவேன். அன்னிக்கு இருந்த நெலமைல பிள்ளைங்க எதையோ தொட்டுக் காட்டிருச்சுங்க.”

போனை வைத்த பிறகு பரஞ்சோதிக்கு இன்னொரு கோபமும் வந்தது. ஷாமளாவின் குடை போனது ஒரு பக்கம். இந்த அம்மாளுடைய மோட்டார் சைக்கிளும் அல்லவா போய்விட்டது?

சுங்கைப் பட்டாணியில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை இலவசச் சட்ட ஆலோசனை நடப்பதாக ஷீலாதான் கண்டுபிடித்தாள். பரஞ்சோதி வெறுங்கையோடு போகவில்லை. அந்த நாலு வரியை வெள்ளைத் தாளில் அழகாக எழுதி, தோட்டத்துக் கோயில் கமிட்டியின் முத்திரை, கம்பத்துக் கிராமத் தலைவரின் முத்திரை, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்தின் முத்திரை, ஆலைத் தராசின் முத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். இந்த நாட்டில் சாப் இல்லாத காகிதத்தை யாரும் மதித்து அவர் பார்த்ததில்லை. கவிதையைவிட முத்திரைகள் அதிக இடம் பிடித்திருந்தன.

வாசலில் தமிழில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். ‘இலக்கிய ஆக்கமொன்று பருப்பொருள் வடிவ நிலைநிறுத்தம் எய்துங்கால் உரிமைத்துவம் தன்னியல்பாய் ஏற்புறும்’ என்று அதில் இருந்தது. முப்பது வருடம் கவிதை எழுதியவர் அதை மூன்று தடவை படித்தார். முன்னே இருந்தவர்கள் கார் கடன், விவாகரத்து, பிறப்புப் பத்திரம் என்று ஒவ்வொருவராகப் போய் வந்த பிறகு அவருடைய முறை வந்தது. வழக்கறிஞர் காஞ்சனாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதெல்லாம் எதுக்கு அங்கிள்?”

“சாப் வேணும்லம்மா.”

“வேணாம். நீங்க சொந்தமா யோசிச்சு, தாள்ல எழுதின நிமிஷமே அது உங்களோடது. எங்கயும் பதியணும்னு கட்டாயம் இல்ல. நீங்க இருக்கற வரைக்கும், அதுக்கப்புறம் அம்பது வருஷமும் உங்க கையிலயும் உங்க பிள்ளைங்க கையிலயும்தான். நீங்க வேணாம்னு சொன்னா அவங்க நிறுத்தணும்.”

பரஞ்சோதி துண்டறிக்கையைப் பார்த்தார். “இதுல அப்படிப் போடலயே?”

“போட்டிருக்கு அங்கிள். கம்ப்யூட்டர் தமிழ்ல போட்டிருக்கு.” காஞ்சனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நாங்க கடைக்கு ஒரு லெட்டர் அனுப்புறோம். ஆனா அவங்க திருப்பி, நீங்கதான் எழுதினீங்கன்னு என்ன ஆதாரம்னு கேக்கலாம். அதுக்கு நீங்க ஒரு சத்தியப் பிரமாணம் செஞ்சு குடுத்தா நல்லது. என்னைக்கு எழுதினீங்க, எப்படி எழுதினீங்கன்னு. முதல்ல எழுதின தாள் இருக்கா?”

“இருக்கு,” என்றார். உடனே, “இல்ல,” என்றார்.

காஞ்சனா பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“பாக்கணும்,” என்றார் பரஞ்சோதி.

“பாருங்க. தேதி மட்டும் சரியா இருக்கணும் அங்கிள். பொய்யா சத்தியம் செஞ்சா அது குத்தம்.”

தாள் இருந்தது. அலமாரியில் ஷாமளாவின் சேமநிதிக் காகிதங்களுக்கு அடியில் இருந்தது. அது ஓர் எடைச் சீட்டின் மூன்றாம் பிரதி. முன்பக்கத்தில் இயந்திரம் அடித்திருந்தது: மார்ச் பதினொன்று, காலை 10.42. ஷாமளா இறந்தது பதினைந்தாம் தேதி.

அந்தப் பதினொன்றாம் தேதி காலையில் டாக்டர் போனில் பேசியிருந்தார். இனி வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். பரஞ்சோதி போனை வைத்தார். மேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. எடை போட்டார், கையெழுத்துப் போட்டார், மூன்றாம் பிரதியைத் திருப்பிப் போட்டு நாலு வரி எழுதினார். அவருக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. எழுதி முடித்த பிறகுதான், உயிரோடு இருக்கிறவளுக்கு எழுதிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிப் பக்கத்தில் அழுதுகொண்டு எழுதினார் என்று ஷீலா சொல்லும்போதெல்லாம் தண்ணீர் குடித்தார். இப்போது அந்த வரிகள் தன்னுடையவை என்று கேட்க வேண்டுமானால், அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதினேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டால் மகளுக்கு அப்பா நல்லவராகவே இருப்பார், குடை ஊருக்குப் பொதுவாகிவிடும்.

தேதியைப் பதினைந்து என்று சொல்லலாம். யார் பார்த்தார்கள்? ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதை யோசித்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனார். ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை விட்டு, “கிராணி, மணிய மட்டும் கொஞ்சம் முன்னாடி போட்டுத் தரீங்களா?” என்று கேட்டான். முடியாது என்று சொல்வதற்கு அவருக்கு அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆனால் சொன்னார்.

அன்று சாயங்காலம் சீட்டை ஷீலாவிடம் கொடுத்தார். அவள் எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கினாள். பிறகு திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

“பதினொன்னா?”

“ம்.”

“அம்மா உயிரோட இருக்கும்போதே எழுதிட்டீங்களா?”

“ம்.”

ஷீலா எழுந்து சமையலறைக்குப் போனாள். ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. பரஞ்சோதி நாற்காலியிலேயே இருந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே பார்க்காமலே பேசினார்.

“மூணாவது வரியப் பாரு.”

தண்ணீர் நின்றது. ஷீலா ஈரக் கையோடு வந்து சீட்டை எடுத்தாள். மூன்றாவது வரியில் ‘கறுப்புக்’ என்று அப்பா எழுதியதை யாரோ ஒரே கோடாக அடித்து, மேலே ‘ஊதாக்’ என்று எழுதியிருந்தார்கள். சாய்ந்த எழுத்து. கடைக்குப் போகும் சீட்டுகளில் அவள் வாழ்நாளெல்லாம் பார்த்த எழுத்து.

“அன்னிக்கு சாயங்காலம் ஹாஸ்பிட்டல் போனேன். சீட்டு சட்டைப் பையிலயே இருந்துருச்சு. ஏதோ எழுதணும் ஒரு தாள் குடுங்கன்னு கேட்டா. நான் பாக்காம எடுத்துக் குடுத்துட்டேன்.” பரஞ்சோதி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். “படிச்சிட்டா. நான் செத்தேன்னு நெனச்சேன். அவ என்னப் பாத்து, என்னாங்க, குடை ஊதாலா, பத்து வருஷமா வீட்டுக்குள்ள இருக்கு, கறுப்புன்னு எழுதியிருக்கீங்கன்னா. நர்ஸ்கிட்ட பேனா வாங்கி அடிச்சா. மத்ததெல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா.”

“சிரிச்சாங்களா?”

“சிரிச்சா. எனக்குத்தான் முடியல.”

சீட்டின் அடியில் அதே சாய்ந்த எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. ஷாமளா தாள் கேட்டதே அதற்குத்தான்: ‘ஃபிரிட்ஜில் மீன் இருக்கு. முதல்ல அத முடிங்க.’ ஷீலா அதைப் படித்துவிட்டு அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, “முடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. கெட்டுப் போச்சு.”

மறு சனிக்கிழமை காஞ்சனா பத்திரத்தைத் தயார் செய்தார். பரஞ்சோதி ஒவ்வொரு வரியாகச் சொன்னார்: மார்ச் பதினொன்று, காலை 10.42, என் மனைவி உயிரோடு இருந்தார். “அப்புறம் இதையும் போடும்மா. இதுல ஒரு வார்த்தை என்னோடது இல்ல, அவளோடது.”

“ஒரு வார்த்தைய வச்சு சட்டம் அவங்களையும் எழுதினவங்கன்னு ஏத்துக்காது அங்கிள்.”

“ஏத்துக்க வேணாம். போடு.”

காஞ்சனா போட்டார். கடைவீதியில் ஒரு மாடி அறையில் சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரி இருந்தார். பத்திரத்தைப் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். பரஞ்சோதிக்குக் கடைசியில் ஒரு நல்ல சாப் கிடைத்தது.

கையோடு அவர் இன்னொரு காரியமும் செய்தார். அந்தத் துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு போய், தராசு ஜன்னலில் உட்கார்ந்து, லாரிக்கும் லாரிக்கும் நடுவே மனிதர் பேசும் தமிழில் திருப்பி எழுதினார். முதல் வரி: ‘நீங்கள் எழுதியது, எழுதிய நிமிடமே உங்களுடையது. யாரிடமும் முத்திரை வாங்க வேண்டாம்.’ காஞ்சனா அதை அச்சடித்து, அடியில் ‘எழுதியவர்: பரஞ்சோதி’ என்று கேட்காமலே போட்டுவிட்டார். இந்த முறை இடம் இருந்தது.

புஷ்பவள்ளியின் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலிக்கு முன்பு பரஞ்சோதி டெஸ்மண்டின் கடைக்குப் போனார். குழந்தைவேலுவிடம் போனில் பேசிப் பேசி எழுதிய வரிகள் கையில் இருந்தன.

எங்கே போனாலும் நீ ஓட்ட
ஏறிப் பின்னால் அமர்ந்தவன் நான்.
மெல்லப் போ புஷ்பவள்ளி,
மிச்சத் தூரம் நடந்து வருகிறேன்.

டெஸ்மண்ட் வாங்கிப் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தார். கடிதம் வந்ததிலிருந்து அவருக்குக் கொஞ்சம் பயம்தான். “அண்ணே, லெட்டர் வந்த அன்னிக்கே எடுத்துட்டேன். நீங்களே பாருங்க,” என்று ஆல்பத்தைத் திருப்பி வைத்தார்.

பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. நடுவில் இருந்த உறையில் அஞ்சலி இல்லை. ஒரு சின்ன வெள்ளைத் தாளில், பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் சொல்வதுபோல, ‘ஆள் இருக்கு’ என்று எழுதிச் செருகியிருந்தது.

“சும்மா விட்டா வேற ஏதாச்சும் சொருகிடுவாங்கலா அண்ணே. அதான்.”

பரஞ்சோதி அந்த இரண்டு சொல்லையும் பார்த்தார். பெட்டிப் பக்கத்தில் அவர் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை. சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவில், பட்டப்பகலில், ஞானஸ்நான அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். டெஸ்மண்ட் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அழுது முடித்துவிட்டு, புஷ்பவள்ளியின் தாளை மேசைமேல் தள்ளினார்.

“இதுக்கு நம்பர் போட்டுடாதீங்க தம்பி.”